304-ஏ வழக்கில் தண்டனை வந்துவிட்டால்: மேல்முறையீட்டுக்கு முதல் நாளிலிருந்து என்ன செய்வது

வாகன விபத்தில் ஒருவர் இறந்து, ஓட்டியவருக்கு நடுவர் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்துவிட்டது. இனி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஓட்டுநருக்கும் அவர் குடும்பத்துக்கும் இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் நடைமுறையை வைத்துச் சொல்கிறோம். ஓர் உயிர் போயிருக்கிறது என்பதை எந்த மேல்முறையீடும் மாற்றாது. அந்த உயிர் போனதற்கு இவருடைய குற்றகரமான கவனக்குறைவுதான் காரணம் என்று சட்டப்படி நிரூபிக்கப்பட்டதா, விதித்த தண்டனை சரியான அளவா என்ற இரண்டு கேள்விகளை மேல்நீதிமன்றம் புதிதாகப் பரிசீலிக்கும். இந்த இரண்டையும் கடைசிவரை தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று குழப்பி எழுதிய மனுக்கள்தான் பெரும்பாலும் பலவீனமாகப் போகின்றன.

எந்தச் சட்டத்தில் தண்டனை என்று முதலில் பாருங்கள்

விபத்து நடந்த தேதிதான் முக்கியம், தீர்ப்புத் தேதி அல்ல. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த விபத்து என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம். அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்தத் தேதியிலிருந்து நடந்தவை பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன் கீழ் வரும். இதில் அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதமும். வித்தியாசம் வருடக் கணக்கில் மட்டும் இல்லை. பழைய பிரிவில் வெறும் அபராதத்தோடு விடலாம். புதிய பிரிவின் வாசகத்தில் அந்த வழி கிடையாது; ஒரு நாளானாலும் சிறை என்று ஒன்று இருந்தாக வேண்டும். விபத்து நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்க அரசியலமைப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பழைய விபத்துக்குப் புதிய அளவில் தண்டனை வந்திருந்தால் அது ஒன்றே வலுவான மேல்முறையீட்டுக் காரணம்.

விபத்து நடந்ததைக் காவல்துறைக்குச் சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு என்று பலரும் பயப்படும் 106(2) பிரிவு, மற்ற பிரிவுகளோடு சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது.

குடித்துவிட்டு ஓட்டியது போன்ற காரணங்களால் 'மரணம் விளையலாம் என்று தெரிந்தே செய்தார்' என்று 304 இரண்டாம் பாகத்தில் (இப்போது 105) தண்டனை வந்திருந்தால் பாதையே வேறு. அந்த வழக்கை அமர்வு நீதிமன்றம் விசாரித்திருக்கும். மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகும், கெடு 60 நாள். இனி சொல்வது நடுவர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி.

தீர்ப்பு நாளன்று, கோர்ட்டை விட்டு வெளியே வருவதற்குள்

304-ஏ ஜாமீனில் விடத்தக்க குற்றம். 106(1)-உம் அப்படியே. வழக்கு நடந்த காலத்தில் ஜாமீனில் இருந்தவர், 'மேல்முறையீடு செய்யப்போகிறேன், அதுவரை தண்டனையை நிறுத்திவையுங்கள்' என்று தண்டனை கொடுத்த அதே நடுவரிடம் அன்றே மனு கொடுக்கலாம். இதற்கான பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389(3), அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 430(3). தண்டனை 3 ஆண்டுக்கு மிகாமல் இருந்தாலோ, குற்றம் ஜாமீனில் விடத்தக்கதாக இருந்தாலோ, சிறப்புக் காரணம் எதுவும் இல்லாவிட்டால் நடுவர் விட்டாக வேண்டும். சட்டம் 'விடலாம்' என்று சொல்லவில்லை, 'விட வேண்டும்' என்கிறது.

ஆனால் இது தானாக நடக்காது. மனு எழுத்தில் தயாராக இருக்க வேண்டும். இரண்டு ஜாமீன்தாரர்கள் ஆதார், குடும்ப அட்டை, கேட்டால் வீட்டுவரி ரசீது ஆகியவற்றோடு காலையிலேயே கோர்ட் வளாகத்தில் இருக்க வேண்டும். அபராதத் தொகை கையில் இருக்க வேண்டும். தீர்ப்பு மதியத்துக்கு மேல் வந்து, ஜாமீன்தாரர் ஊரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறார் என்றால், கோர்ட் கலைந்துவிடும். அன்று இரவு சிறைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே சிறைக்குப் போய் வருகிறவர்கள் நிறையப் பேர். 'விடுதலைதான் ஆகும், கவலைப்படாதே' என்று யார் சொல்லியிருந்தாலும் ஜாமீன்தாரர்களைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. மேல்முறையீட்டில் விடுதலையானால் திருப்பிப் பெறலாம். அந்த அபராதத்திலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவாகியிருந்தால், மேல்முறையீட்டுக் கெடு முடியும் வரை, மேல்முறையீடு போட்டிருந்தால் அது முடியும் வரை, அந்தப் பணம் பட்டுவாடா ஆகாது.

இன்னொன்றையும் அன்றே கேட்டு வாங்குங்கள். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனடியாக, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பல பேர் இதைக் கேட்பதே இல்லை. பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கறிஞர் மூலம் கேட்டால் போதும்.

சிறைக்குப் போய்விட்டார் என்றாலும் வழி அடைபடவில்லை. மேல்முறையீட்டு மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தால் அவர் உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

முப்பது நாள் கணக்கு

நடுவர் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். தீர்ப்பு சொன்ன நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். சான்றளிக்கப்பட்ட நகல் வாங்க ஆன காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கழிவில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

நகலின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். மனுப் போட்ட நாள், ஸ்டாம்பு கேட்ட நாள், ஸ்டாம்பு கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று வரிசையாகத் தேதிகள். உதாரணத்துக்கு, தீர்ப்பு மார்ச் 3. நகல் மனு மார்ச் 5. நகல் தயார் மார்ச் 19. நீங்கள் போய் வாங்கியது மார்ச் 28. கழிவது மார்ச் 5 முதல் 19 வரை 15 நாள் மட்டுமே. தயாரான பிறகு வாங்கப் போகாமல் விட்ட 9 நாள் உங்கள் கணக்கில் ஏறும். ஸ்டாம்பு கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பின் நீங்கள் கட்டத் தாமதித்த நாட்களும் அப்படியே. ஆக 30-ஆம் நாள் ஏப்ரல் 2, கழிவைச் சேர்த்தால் ஏப்ரல் 17. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்.

கணக்கு இப்படி இருந்தாலும், இலவச நகலை வைத்துக்கொண்டு கழிவை நம்பாமல் 30 நாளுக்குள் தாக்கல் செய்வதே நல்லது. நடுவர் தண்டனையை நிறுத்திவைத்த காலமும் பெரும்பாலும் அந்த 30 நாளோடு முடிகிறது. மேல்முறையீடு தாக்கலாகி, அமர்வு நீதிமன்றம் புதிதாக நிறுத்திவைப்பு உத்தரவு கொடுக்கும் முன் அந்தக் காலம் முடிந்தால் நடுவர் பிடிவாரண்ட் போடலாம். எனவே 20-ஆம் நாள் வாக்கில் தாக்கல் செய்யத் திட்டமிடுங்கள்.

கெடு தாண்டிவிட்டால், காலதாமதத்தை மன்னிக்கக் கோரி மனுவும் பிரமாணப் பத்திரமும் சேர்த்துப் போட வேண்டும். 'உடல்நலம் சரியில்லை' என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த மருத்துவமனை, சீட்டு எங்கே என்று எழுத வேண்டும்.

எங்கே தாக்கல் செய்வது, எதையெல்லாம் இணைப்பது

மாவட்டத்தின் முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் தாக்கல். அது எண்ணிட்டு, தானே விசாரிக்கும் அல்லது கூடுதல் அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றி அனுப்பும். மேல்முறையீட்டுப் பிரிவு பழைய சட்டத்தில் 374, புதியதில் 415. விபத்து பழைய சட்ட காலத்தில் நடந்து, மேல்முறையீடு இப்போது போடப்படுகிறது என்றால் இரண்டு பிரிவுகளையும் சேர்த்துக் குறிப்பிடுவது பாதுகாப்பு.

கட்டில் இருக்க வேண்டியவை: மேல்முறையீட்டு மனு, தீர்ப்பின் நகல், வக்காலத்து, தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனு, அபராதம் கட்டிய ரசீது, நடுவர் கொடுத்த நிறுத்திவைப்பு உத்தரவின் நகல். இவற்றோடு சாட்சிகளின் வாக்குமூலங்கள், சான்றாவணங்கள் எல்லாவற்றுக்கும் தனியாக நகல் மனுப் போட்டு வாங்குங்கள். தாக்கலுக்கு அவை கட்டாயம் இல்லை. கீழ்க்கோர்ட் ஆவணங்களை மேல்நீதிமன்றம் தானே வரவழைக்கும். ஆனால் அவற்றைப் படிக்காமல் எழுதிய மனுவில் 'தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது' என்ற சம்பிரதாய வரியைத் தவிர ஒன்றும் இருக்காது. வழக்கு எண் விழுந்ததும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 எழுத்து-இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதிகளை நீங்களே பார்க்கலாம்.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவு, அதன் சட்டப்பூர்வத் தன்மை இரண்டை மட்டுமே எதிர்க்கலாம். 'ஒப்புக்கொள், அபராதத்தோடு போய்விடும்' என்ற பேச்சுக்கு இணங்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

கேஸ் கட்டைப் படிப்பது எப்படி

மேல்முறையீட்டில் புதிய சாட்சி வருவதில்லை. கீழ்க்கோர்ட்டில் பதிவானதுதான் முழு உலகம். எனவே வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஒவ்வொரு சாட்சியின் பெயருக்கு நேராக முதல் விசாரணையில் சொன்னது, வலப்பக்கம் குறுக்கு விசாரணையில் சொன்னது என்று எழுதிக்கொண்டு போங்கள். கீழே சொல்பவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

*ஓட்டியது யார்?* கேட்கவே வேண்டாம் என்று தோன்றும் கேள்வி. ஆனால் வழக்குகள் உடைவது இங்கேதான். பேருந்து, லாரி விபத்துகளில் சாட்சி சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்திருப்பார். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தாரா? அடையாள அணிவகுப்பு நடந்ததா, அல்லது இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கோர்ட் கூண்டில் நிற்பவரை முதல் முறையாகக் கைகாட்டினாரா? அன்று வண்டியை ஓட்டியது யார் என்று வாகன உரிமையாளரிடம் மோட்டார் வாகனச் சட்டம் 133-இன் கீழ் எழுத்தில் கேட்டார்களா, உரிமையாளரைச் சாட்சியாக விசாரித்தார்களா?

*'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'.* முதல் தகவல் அறிக்கை முதல் கடைசிச் சாட்சி வரை இந்தச் சொற்றொடர் மாறாமல் வந்துகொண்டே இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள், சாட்சி என்ன கண்டார் என்பதில் மீதி என்ன இருக்கிறது? வண்டி எந்தப் பக்கத்தில் வந்தது, எதை முந்தியது, ஹாரன் அடித்ததா, பிரேக் பிடித்ததா, சிக்னல் என்ன? இவை எதுவும் இல்லாமல் 'வேகமாக வந்தது' மட்டும் இருந்தால் போதாது. கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் (1998) உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: அதிவேகம் என்பது ஒப்பீட்டுச் சொல், சாட்சி எதை அதிவேகம் என்கிறார் என்று அரசுத் தரப்பு விளக்க வேண்டும், வேகம் ஒன்றை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவுகட்ட முடியாது. மேல்முறையீட்டில் அதிகமாகக் கைகொடுக்கும் தீர்ப்பு இது. ஆனால் சாலையின் தவறான பக்கத்தில் போய் மோதிய வழக்கில் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே சூழ்நிலையே பேசிவிடும்.

*மாதிரி வரைபடமும் பார்வை மகஜரும்.* விசாரணை அதிகாரி சம்பவ இடத்தைப் பார்த்து வரைந்த படமும், அங்கே கண்டதை எழுதிய குறிப்பும் இவை. இந்த இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: வரைபடத்தில் கிழக்கு மேற்காகத் தார்ச்சாலை, அகலம் 24 அடி. வண்டி மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, ஆகவே அதன் இடப்பக்கம் வடக்கு. இடித்த இடம் என்று பெருக்கல் குறி போட்ட இடம் தெற்கு ஓரத்திலிருந்து 15 அடி. அப்படியென்றால் வடக்கு ஓரத்திலிருந்து 9 அடி. சாலையின் நடுவான 12 அடியைத் தாண்டவில்லை. வண்டி தன் பாதியில்தான் இருந்திருக்கிறது. ஆனால் சாட்சி 'வலப்பக்கம் ஏறி வந்து இடித்தது' என்கிறார். அந்த இடத்தில் நடுவர் தீர்ப்பு என்ன சொல்கிறது? பெரும்பாலும் வரைபடத்தின் சான்றாவண எண்ணை மட்டும் குறித்துவிட்டு அளவுகளுக்குள் போயிருக்காது. உங்கள் மனுவின் முதல் காரணம் அதுவாக இருக்கலாம். பிரேக் தடம், கண்ணாடிச் சில்லு, ரத்தக்கறை எங்கே என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தெருவிளக்கு, வேகத்தடை, வளைவு, மீடியன் இடைவெளி ஆகியவையும் முக்கியம்.

இன்னொரு நுட்பம். விசாரணை அதிகாரி தன் கண்ணால் கண்டு குறித்த அளவு சாட்சியமாகும். 'இங்கேதான் இடித்தது' என்று பிறர் காட்டியதைக் கேட்டுக் குறித்த புள்ளி அப்படி ஆகாது. அது காவல்துறையிடம் சொன்ன வாக்குமூலத்தின் தரம்தான். அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்த பக்கத்தில் இதற்கு விடை இருக்கும்.

*மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை.* கடைசி வரி எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் நிகழவில்லை. இதை அஜாக்கிரதைக்கு ஆதாரமாகவே சில தீர்ப்புகள் எடுத்துக்கொள்கின்றன. அது தவறு. பிரேக் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் நிரூபிக்காது. அதைவிட மேலே உள்ள சேதப் பட்டியலைப் படியுங்கள். முன்பக்க இடது பம்பர் நசுங்கியிருக்கிறதா, பின்சக்கர மட்கார்டில் கீறலா? பின்பக்கத்தில் மட்டும் சேதம் என்றால் இருசக்கர வாகனம்தான் வந்து மோதியிருக்கலாம். சேதமே இல்லை என்றால் அந்த வண்டிதானா என்ற கேள்வியே எழும்.

*மரணத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பு.* சம்பவ இடத்தில் இறந்திருந்தால் இதில் தேட ஒன்றுமில்லை. பல வாரம் சிகிச்சையில் இருந்து இறந்திருந்தால், மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, சிகிச்சைக் குறிப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா, மருத்துவர் சாட்சிக் கூண்டு ஏறினாரா என்று பாருங்கள். ஓட்டுநரின் செயல் மரணத்துக்கு நேரடியான, உடனடியான காரணமாக இருக்க வேண்டும் என்பது 304-ஏ பற்றி நீண்ட காலமாக நிலைத்த சட்டம். இறந்தவரும் கவனக்குறைவாக இருந்தார் என்பது மட்டும் விடுதலை தராது. ஆனால் அவர் எதிர்பாராமல் குறுக்கே பாய்ந்தார், எந்த ஓட்டுநராலும் தவிர்த்திருக்க முடியாது என்று பதிவில் இருந்தால் நிலைமை வேறு. சையத் அக்பர் எதிர் கர்நாடக அரசு வழக்கில் (1979) சாலையின் குறுக்கே வந்த குழந்தையைக் காப்பாற்றப் பேருந்தைத் திருப்பிய ஓட்டுநரின் நிலையை உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பார்த்தது. விபத்து நடந்ததே குற்றத்துக்கு நிரூபணம் என்று கிரிமினல் வழக்கில் சொல்லிவிட முடியாது என்பதற்கும் அது ஆதாரம்.

*313 கேள்விகள்.* சாட்சியம் முடிந்ததும் நடுவர் குற்றம்சாட்டப்பட்டவரிடம் கேட்கும் கேள்விகள் (புதிய சட்டத்தில் 351). எந்தச் சூழ்நிலையை வைத்துத் தண்டித்தாரோ அதைப் பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால், அதனால் பாதகம் நேர்ந்ததைக் காட்டி எதிர்க்கலாம். நான்கைந்து கேள்வியோடு முடிந்த தாள்கள் உண்டு. வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

காவல்துறையிடம் சொல்லாத ஒன்றைச் சாட்சி கோர்ட்டில் சொன்னால், அந்த முரண்பாட்டைச் சாட்சியிடம் காட்டி, பிறகு விசாரணை அதிகாரி மூலம் நிரூபித்திருக்க வேண்டும். கீழ்க்கோர்ட்டில் இது நடக்கவில்லை என்றால் மேல்முறையீட்டில் அதைப் பேச முடியாது. கண்காணிப்பு கேமரா பதிவு போல முக்கியமான ஒன்று அப்போது கிடைக்காமல் போயிருந்தால், கூடுதல் சாட்சியம் கோரி 391 (புதியதில் 432) மனுப் போடலாம். ஏன் முன்பே கொண்டுவரவில்லை என்பதற்கு நேர்மையான பதிலும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இல்லாமல் போட வேண்டாம். வழக்கில் விட்ட ஓட்டையை அடைக்கும் வழியாக அதை நீதிமன்றம் பார்க்காது.

தண்டனையைக் குறைக்கக் கேட்கும் பகுதி

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்ற வாதம் தோற்றால் இது நிற்க வேண்டும். எனவே மனுவில் 'மாற்றாக' என்று தனித் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. இது முதல் வாதத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

முதலில் சட்டத் தவறுகள். ஒரே செயலுக்கு 279-க்கு (பொதுச்சாலையில் அஜாக்கிரதையாக ஓட்டியது) தனியாக, 304-ஏ-க்குத் தனியாக என்று இரண்டு தண்டனை போட்டிருக்கிறார்களா? பல பிரிவுகளில் தண்டனை என்றால் 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்ற வாக்கியம் தீர்ப்பில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஒன்று முடிந்து மற்றொன்று என்று சிறை கணக்கிடும். அபராதம் கட்டத் தவறினால் என்ற மாற்றுச் சிறை, அந்தக் குற்றத்தின் அதிகபட்சச் சிறையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 304-ஏ-க்கு அது 6 மாதம். விசாரணைக் காலத்தில் காவலில் இருந்த நாட்களைக் கழிக்க உத்தரவு உண்டா?

பிறகு அளவு. இதில் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. ஓட்டுநர்களுக்கு, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடும் நன்னடத்தைச் சட்டத்தின் சலுகையை 304-ஏ-இல் கொடுக்கக் கூடாது என்ற போக்கில் தல்பீர் சிங் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் கடுமையாகவே எழுதியிருக்கிறது. பஞ்சாப் அரசு எதிர் சௌரப் பக்ஷி வழக்கில் (2015) இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஓராண்டுத் தண்டனையை, இழப்பீடு கொடுத்ததைக் காட்டி, அனுபவித்த 24 நாளாக உயர் நீதிமன்றம் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 6 மாதமாக்கியது. பணம் கொடுத்தால் சிறை போய்விடும் என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள். இந்தக் குற்றத்தில் சமாதானம் செய்து வழக்கை முடிக்கும் வழியும் சட்டத்தில் இல்லை.

ஆனாலும் எடைபோடப்படும் விஷயங்கள் உண்டு. முன் தண்டனை இல்லாமை, எத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியது, விபத்துக்குப் பின் தப்பி ஓடாமல் காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தது, குடித்திருக்கவில்லை என்ற மருத்துவப் பதிவு, வழக்கு இழுத்த ஆண்டுகள், வயதான பெற்றோர், ஊனமுற்ற பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். காயம்பட்டவரைச் சேர்த்தவர் யார் என்பது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிக்காகவே அதன் நகலை வாங்குங்கள். காயம்பட்டவருக்கு உதவுவது மோட்டார் வாகனச் சட்டம் 134 ஓட்டுநருக்கு விதித்த கடமை. அதைச் செய்தவரையும் செய்யாதவரையும் நீதிபதி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.

இறந்தவர் வீட்டுக்கு நேராகப் போய்ப் பேச வேண்டாம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம் என்றாலும் மிரட்டல் புகாராக முடியலாம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது மேலும் ஒரு வேதனை. எதுவானாலும் வழக்கறிஞர் வழியாக.

மேல்முறையீடு போட்டால் தண்டனை கூடிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. நீங்கள் போட்ட மேல்முறையீட்டில் அமர்வு நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசு தனியாக மேல்முறையீடு செய்தாலோ, உயர் நீதிமன்றம் உங்களுக்கு அறிவிப்புக் கொடுத்துச் சீராய்வில் (கீழ்க்கோர்ட் உத்தரவு சட்டப்படி சரியா என்று பார்க்கும் அதிகாரம்) எடுத்தாலோதான் கூடும்.

விசாரணையும் அதற்குப் பிறகும்

நிறுத்திவைப்பு உத்தரவில் உள்ள நிபந்தனைகளை அப்படியே கடைப்பிடியுங்கள். சொன்ன நாளுக்குள் நடுவர் முன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை மறந்து உத்தரவை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தவர்கள் வாரண்டில் பிடிபட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது, தகுதியின் அடிப்படையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பானி சிங் வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் தரப்பைக் கேட்காமலே கட்டைப் படித்துத் தீர்ப்பு எழுத நீதிபதிக்குத் தடையில்லை. வாய்தாவைத் தவறவிடாதீர்கள்.

நிறுத்திவைக்கப்படுவது தண்டனைதான், குற்றவாளி என்ற முடிவு அல்ல. அரசுப் பணியிலோ போக்குவரத்துக் கழகத்திலோ இருப்பவருக்கு இந்த வித்தியாசம் வேலையையே பாதிக்கும். குற்ற முடிவையும் நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். அது அபூர்வமாகத்தான் கிடைக்கும், என்ன பாதிப்பு வரும் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைத் தகுதிநீக்கம் செய்து நடுவர் உத்தரவிட்டிருந்தால் அதையும் மேல்முறையீட்டில் குறிப்பிட்டுக் கேளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தனியாக எடுத்த நடவடிக்கை என்றால் அதை எதிர்க்கும் வழி வேறு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும் வழக்கும் தனி. இங்கே விடுதலையானால் அங்கே இழப்பீடு ரத்தாகாது, காப்பீட்டு நிறுவனம் அங்கே பணம் கட்டியதால் இங்கே வழக்கு முடியாது.

அமர்வு நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டால் அடுத்தது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு, கெடு 90 நாள். மதுரை, திருச்சி, தஞ்சாவூர், நெல்லை, கன்னியாகுமரி, திண்டுக்கல் உள்ளிட்ட 14 மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை, மற்றவற்றுக்குச் சென்னை. சீராய்வில் சாட்சியத்தை மறுபடி முழுதாக எடைபோட மாட்டார்கள். இரண்டு கோர்ட்டும் ஒன்றாகச் சொன்னதில் வெளிப்படையான சட்டத் தவறு, முக்கிய ஆவணத்தைப் பார்க்காமல் விட்டது, யாரும் அப்படி முடிவுக்கு வரவே முடியாத அளவு பிறழ்வு ஆகியவைதான் எடுபடும். முதல் மேல்முறையீட்டில் வரைபடத்தின் அடிக்கணக்கையும் ஆய்வாளர் அறிக்கையின் சேதப் பட்டியலையும் எடுத்து வாதாடியிருந்து, அதற்கு அமர்வு நீதிபதி பதிலே எழுதவில்லை என்றால், சீராய்வில் அதுவே உங்கள் பலம். அங்கே எழுப்பாமல் விட்டதை இங்கே புதிதாக எழுப்புவது கடினம்.

90 நாள் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. மேல்முறையீடு தள்ளுபடியான அன்றே முன்பு கிடைத்த நிறுத்திவைப்பு முடிந்துவிடுகிறது. தண்டனையை அனுபவிக்கச் செய்யுமாறு நடுவருக்கு உத்தரவு போய்விடும். சில நாட்களுக்குள் சீராய்வு மனுவையும் அதோடு புதிய நிறுத்திவைப்பு மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுப் போடுபவர் சரணடைந்ததற்கான சான்றை இணைக்க வேண்டும், அல்லது சரணடைவதிலிருந்து விலக்குக் கேட்டுத் தனி மனுப் போட வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாவிட்டால் மனு விசாரணைப் பட்டியலுக்கே வராது.